ஸில்லியன் என்றால் எத்தனை சைபர்?

ஓர் ஆங்கிலப் பேச்சுப் போட்டி வீடியோ பரவியது, பலர் பார்த்திருப்பீர்கள். மேடையில் பேசிய ஒரு சிறுமி "ஸில்லியன்" என்று சொன்னதும் நடுவர் மைக்கைப் பிடித்து, "அதுக்கு எத்தனை சைபர்?" என்று கேட்கிறார். மண்டபமே சிரிக்கிறது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஸில்லியன் ஆங்கிலச் சொல்தான். 1940களிலேயே புழக்கத்தில் இருந்தது, அகராதிகளிலும் இருக்கிறது. அதற்குச் சைபர் கணக்குக் கிடையாது. எண்ணி மாளாதது என்று சொல்வதற்கென்றே வந்த சொல் அது. ஜில்லியன், கஸில்லியன், அம்ப்டீன் எல்லாம் அதே ரகம்தான். ஸ்டீபன் கிரிசோமாலிஸ் என்ற பேராசிரியர் இவற்றைப் பற்றி 2016இல் ஆய்வுக் கட்டுரையே எழுதியிருக்கிறார். வீட்டில் அம்மா "ஆயிரத்தெட்டு வேலை கிடக்கு" என்றால் யாராவது உட்கார்ந்து எண்ணிப் பார்க்கிறோமா?

அவள் எதைப் பற்றிப் பேசினாள் என்பதையும் யோசியுங்கள். 2021இல் கொழும்புக்கு அருகே எக்ஸ்பிரஸ் பேர்ள் என்ற சரக்குக் கப்பல் எரிந்து கடலில் கொட்டிய பிளாஸ்டிக் மணிகள். 1,600 தொன்னுக்கும் மேல். பிறகொரு நாள் நீர்கொழும்புப் பக்கம் போனபோது ஒரு பிடி மணலை அள்ளிப் பார்த்தேன். பருப்பளவு வெள்ளை மணிகள், உதற உதற விரலிடுக்கில் ஒட்டிக்கொண்டே இருந்தன. அதை யார் எண்ணுவது? அந்த இடத்துக்கு ஸில்லியனைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை.

மேடையில் பேச்சு வழக்குச் சொல் வரலாமா என்பீர்கள். சரி, மத்திய வங்கி அறிக்கையில் வந்தால் நானே வெட்டுவேன். இது ஒரு சிறுபிள்ளையின் பேச்சு.

ஒன்றுக்குப் பின்னால் 100 சைபர் வரும் எண்ணுக்கு 'கூகோல்' என்று பெயர் வைத்தவன் மில்டன் சிரோட்டா என்ற ஒன்பது வயதுப் பையன். அவனுடைய மாமா எட்வர்ட் காஸ்னர் கணித மேதை. அவர் சிரிக்கவில்லை, அந்தப் பெயரையே எடுத்துக்கொண்டார். இங்கே என்ன நடக்கிறது? கொழும்பில் ஆங்கிலம் சிலருடைய வீட்டுச் சொத்துப் போல. நம் பிள்ளைகள் வாய் திறந்தால் பிழை பிடிக்கக் காத்திருக்கிறார்கள். முதல் வேலையில் என் உச்சரிப்பைக் கேட்டு ஒருவர் சிரித்தார். அதன்பின் அந்த அலுவலகத்தை விட்டுப் போகும்வரை எந்தக் கூட்டத்திலும் நான் பேசவில்லை. தெரிந்த பதிலைக்கூடச் சொல்லவில்லை.

அந்தப் பிள்ளைக்கு அது நடக்கக் கூடாது. நடுவர் அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், அதுவும் எல்லோர் முன்னிலையிலும்.