நகக்கண் அளவுக் கல்லில் நிற்கும் விளைச்சல் தெய்வம்

ரோமானியக் கலை என்றால் சலவைக்கல் சிலைகளைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு அந்தக் காலத்துச் சாதாரண ஆள் விரலில் போட்டிருந்த மோதிரக் கல்தான் பெரிது.

1985-இல் இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில், ஸ்னெட்டிஷாம் என்ற ஊரில் ஒரு சிறிய மண்பானை கிடைத்தது. உள்ளே ஒரு நகைத் தட்டானின் மொத்தச் சரக்கு: வெள்ளிக் காசுகள், மோதிரங்கள், அப்புறம் இன்னும் மோதிரத்தில் பதிக்காத, சூதுபவளம் என்னும் சிவப்புக் கற்கள் நூற்றுக்கும் மேல். எல்லாம் உருவம் செதுக்கியவை. அந்தப் பகுதி ரோமானியர் ஆட்சியில் இருந்த கி.பி. 155 வாக்கில் புதைத்திருக்கிறார்கள். மூன்று பேர் செதுக்கியவை என்று ஆய்வாளர்கள் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள்.

அந்தக் கற்களில் திரும்பத் திரும்ப வருகிறவர் போனஸ் ஈவென்டஸ் என்ற விளைச்சல் தெய்வம். ‘நல்ல முடிவு’ என்றே பெயர். கையில் தானியக் கதிரோடு நிற்கும் இளைஞன். தானியத் தாய் செரீஸும் உண்டு.

இப்படிப்பட்ட கற்களைக் ‘கரடுமுரடான வேலை’ என்று ஒரே வரியில் தள்ளிவிட்டுப் போவதைப் படிக்கும்போது கோபம் வருகிறது. சரி, தலைக்கு ஒரு குழி, கதிருக்கு நாலு கீறல், அவ்வளவுதான். ஆனால் சுழலும் இரும்பு முனையில் எண்ணெயும், கடினமான குருந்தக் கல்லின் பொடியும் தொட்டு, ஒரு சென்டிமீட்டர் கல்லில், அதுவும் மெழுகில் அழுத்தினால் உருவம் நேராக விழும்படி இடவலம் மாற்றிச் செதுக்க வேண்டும். அத்தனை பேர் கேட்டார்கள், அதனால் வேகமாகச் செதுக்கினார்கள். எனக்கு அந்த அவசரமே அழகாகத் தெரிகிறது.

ஏன் கேட்டார்கள்? கி.மு. 37-இல், எண்பது வயதில், ரோமானிய அறிஞர் வர்ரோ எழுதிய வேளாண்மை நூல் பன்னிரண்டு தெய்வங்களை வணங்கித் தொடங்குகிறது. கடைசி இணை, நீருக்கான லிம்ஃபாவும் போனஸ் ஈவென்டஸும். நீர் இல்லாவிட்டால் பயிர் காயும், நல்ல முடிவு வாய்க்காவிட்டால் பட்ட பாடெல்லாம் வீண் என்று காரணமும் சொல்கிறார். உழுது விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்து நின்றவனுக்குத்தான் அந்த வரி புரியும்.

வேல்ஸில் கார்லியன் என்ற ஊரின் ரோமானியப் படைக்கோட்டைக் குளியல்கூடத்தின் வடிகாலில் மட்டும் 88 செதுக்கு கற்கள் கிடைத்தன. குளிக்கும்போதுகூட மோதிரத்தைக் கழற்றவில்லை!

அருங்காட்சியகங்களிடம் எனக்கு ஒரே கோரிக்கை. இவை முத்திரையாக மெழுகில் அழுத்துவதற்காகச் செய்த கற்கள். கண்ணாடிப் பெட்டியில் சிவப்புப் புள்ளியாக வைத்தால் யாருக்கும் எதுவும் தெரியாது. ஒவ்வொரு கல்லுக்கும் பக்கத்தில் அதன் அச்சையும் வையுங்கள், நல்ல வெளிச்சத்தில், பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடியோடு.