மீன் வயிற்றில் உளவுக் கருவியா?

"காசல்ரீ நீர்த்தேக்கத்து மீனுக்குள் சிப் வைத்திருக்கிறார்கள். நாம் பேசுவதெல்லாம் செய்மதிக்குப் போகிறது. அந்த மீனைத் தின்றால் கதிர்வீச்சு ஏறும்." ஹட்டன், மஸ்கெலியா பக்கம் வட்ஸ்அப்பில் சுற்றும் குரல் பதிவு இது. சொல்வது எதுவும் சரியில்லை.

கூடவே வரும் படத்தில் இருப்பது மீன்களின் நடமாட்டத்தை அறிய ஆய்வாளர்கள் வைக்கும் ஒலிக் கருவி. மாத்திரை வடிவ உறைக்குள் ஒரு பற்றரி, சின்னச் சுற்று, அதிரும் பீங்கான் துண்டு, அவ்வளவுதான். மயக்கம் கொடுத்து, மீனின் வயிற்றைச் சிறிதாகக் கீறி உள்ளே வைத்துத் தைத்துவிடுவார்கள். அப்புறம் அது அவ்வப்போது 'டிக், டிக்' என்று ஒலித்துத் தன் எண்ணை அறிவிக்கும். அந்த ஒலிக்குப் பரவலாகப் பயன்படுவது 69 கிலோஹேர்ட்ஸ் அதிர்வெண். மனிதக் காதுக்கு எட்டுவதோ ஏறத்தாழ 20 வரைதான். ஒட்டுக்கேட்க அதில் மைக்கே இல்லை.

செய்மதிக் கதையும் நிற்காது. ரேடியோ அலை தண்ணீருக்குள் சீக்கிரம் அடங்கிவிடும். ஒலியைத் தேர்ந்தெடுத்ததே அதனால்தான். அந்த ஒலியையும் பெரும்பாலும் சில நூறு மீற்றருக்குள், நீரடியில் கட்டிவைத்த, ஒலியை வாங்கும் கருவிதான் பதிவுசெய்யும்.

கதிர்வீச்சா? வருவது வெறும் ஒலி. மீன் வெட்டும்போது இப்படியொன்று கிடைத்தால் உடைக்காமல் எடுத்துவைத்து, மேலே அச்சிட்டிருக்கும் எண்ணைக் கடற்றொழில் அதிகாரியிடம் சொல்லுங்கள்.