எலியிலா? சரி, எந்த ஏற்பி?

"எலிகளுக்குப் புற்றுநோய் முழுதாகக் குணமானது" என்று வாரத்துக்கு ஒரு செய்தியாவது கண்ணில் படுகிறது. கீழே பின்னூட்டத்தில் இரண்டு கட்சி. ஒன்று, "சீக்கிரம் மனிதருக்கும் வரட்டும்" என்று கைகூப்பும். இன்னொன்று, "எலிக்குத்தானே, போய் வேலையைப் பாருங்கள்" என்று சிரிக்கும். இரண்டு கட்சியிலும் நான் இருந்தவன்தான். இப்போது இரண்டுமே எரிச்சலூட்டுகின்றன. அந்த மருந்து எந்த ஏற்பியில் (சேதியைப் பிடிக்கும் செல்லின் புரதம், receptor) போய் ஒட்டுகிறது, நம் உடம்பில் அந்த ஏற்பி எப்படி இருக்கிறது என்று ஒருவர்கூடக் கேட்பதில்லை.

நோய் எதிர்ப்பு செல்லுக்குக் கண்ணும் மூக்கும் அதன் ஏற்பிகள்தான். பாடப்புத்தகத்தில் எலி ஏற்பியை ஒரு பக்கமும் மனித ஏற்பியை மறுபக்கமும் எழுதி, நடுவில் சமக்குறி போட்டுவிடுவார்கள். அந்தச் சமக்குறியைத்தான் நான் நம்புவதில்லை.

கெட்டுப்போன செல்களைத் தேடிக் கொல்லும் வெள்ளணுவான இயற்கைக் கொல்லி செல்லைப் பாருங்கள். எதிரே வரும் செல்லைத் தடவிப் பார்க்கும். "நான் நம்ம ஆள்தான்" என்று காட்டும் எம்.எச்.சி. முதல் வகைப் புரதம் இருந்தால் பெரும்பாலும் விட்டுவிடும். காணவில்லை என்றால் அந்த செல்லுக்கு ஆபத்துதான். எலியில் இந்தச் சோதனைக்கு லை49 என்ற ஏற்பிக் குடும்பம், நமக்கு கிர் குடும்பம். வேலை ஒன்று என்பதால் பங்காளிகளாக இருக்கும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். கிடையாது. லை49 லெக்டின் (சர்க்கரையில் ஒட்டும் புரதம்) சாயல் கொண்டது, கிர் இம்யூனோகுளோபுலின் (எதிர்ப்பொருள் புரதம்) வழி வந்தது. வம்சமே வேறு, உத்தியோகம் மட்டும் ஒன்று. லை49 வகையில் நமக்கு மிஞ்சியது ஒரே ஒரு மரபணு, அதுவும் உருப்படியான புரதம் தருவதில்லை.

கிருமிகளை மோப்பம் பிடிக்கும் டோல் ஏற்பிகளிலும் இதே கதைதான். நம்மிடம் வேலை செய்பவை 10, எலியிடம் 12. பத்தாம் எண் எலியில் சிதைந்து கிடக்கிறது, பதினோராம் எண் நம்மிடம் சிதைந்து கிடக்கிறது.

இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்று தோன்றினால், டி.எம்.எக்ஸ்.ஏ.ஏ. என்ற மருந்தின் கதையைக் கேளுங்கள். நியூசிலாந்தில் உருவானது. எலிக் கட்டிகளுக்குள் ஓடும் ரத்தக் குழாய்களை அப்படியே முடக்கிப்போட்டது. நுரையீரல் புற்றுநோயாளிகளிடம் மூன்றாம் கட்டச் சோதனை வரை போனது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள். 2010-ல் பலனில்லை என்று கைவிட்டார்கள். காரணம் தெரிந்தது 2013-ல்: அந்த மருந்து எலியின் ஸ்டிங் என்ற ஏற்பிப் புரதத்தில் கச்சிதமாக உட்காரும், மனித ஸ்டிங்கைச் சட்டையே செய்யாது. மனித ஸ்டிங்கில் 230-ஆம் இடத்தில் இருக்கும் ஒரே ஒரு அமினோ அமிலத்தை மாற்றிப் பார்த்தார்கள். உடனே அதுவும் மருந்துக்கு மசிந்தது. ஒரே ஒரு எழுத்து! எலி பொய் சொல்லவில்லை. தன் ஸ்டிங்கைப் பற்றி உண்மையைத்தான் சொன்னது.

அதற்காக எலியைத் தூக்கி எறியச் சொல்லும் கட்சியோடும் நான் இல்லை. நோய் எதிர்ப்புப் படையின் டி செல்லுக்கு பிரேக் போடும் சி.டி.எல்.ஏ.-4 என்ற ஏற்பியை மறித்தால் கட்டி கரையும் என்று அமெரிக்க ஆய்வாளர் ஜேம்ஸ் அலிசனின் குழு 1996-ல் காட்டியது எலியில்தான். 2011-ல் அது தோல் புற்றுநோய்க்கான மருந்தாக வந்தது, 2018-ல் நோபல் பரிசும் வந்தது. அந்த ஏற்பி இரு இனத்திலும் ஒரே பிரேக்கைத்தான் பிடிக்கிறது.

சரி, ஏற்பி ஒத்துப்போனால் நிம்மதியா? அங்கேதான் என் கேள்வியும் கொஞ்சம் தடுமாறுகிறது. 2006 மார்ச் 13, லண்டன். டி.ஜி.என்.1412 என்ற எதிர்ப்பொருளை ஆரோக்கியமான ஆறு ஆண்களுக்கு ஏற்றினார்கள். டி செல்லின் சி.டி.28 ஏற்பியில் ஒட்டுவது அது. இதே போன்ற எதிர்ப்பொருள் எலிகளில் நோய் எதிர்ப்பை அடக்கி ஆளும் டி செல்களைப் பெருக்கியிருந்தது. குரங்குகளும் தாங்கின, குரங்கின் சி.டி.28-ல் அது ஒட்டும் இடம் அச்சு அசலாக நம்முடையதுதான். குரங்குக்குக் கொடுத்ததில் ஐந்நூறில் ஒரு பங்குதான் மனிதருக்கு. ஆனாலும் ஒன்றரை மணி நேரத்துக்குள் தலைவலி, முதுகுவலி, காய்ச்சல், அப்புறம் சைட்டோகைன் புயல், அதாவது அழற்சியைத் தூண்டும் புரதங்கள் ரத்தத்தில் வெள்ளமாகப் பாய்வது. ஆறு பேரும் தீவிர சிகிச்சைக்குப் போய்ப் பிழைத்தார்கள்.

பழைய தொற்றுகளை நினைவில் வைத்திருக்கும் ஒரு வகை டி செல் அந்தக் குரங்குகளில் சி.டி.28-ஐ உதிர்த்துவிடுகிறது, நம்மிடம் அது அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆய்வக எலிகளுக்கோ அந்த நினைவு செல்களே சொற்பம், கிருமியே படாமல் வளர்ந்தவை அல்லவா. ஆக, ஏற்பி எப்படி இருக்கிறது என்பதோடு, எந்த செல்லில் உட்கார்ந்திருக்கிறது என்றும் கேட்க வேண்டியிருந்தது.

அந்த எதிர்ப்பொருள் பின்னாளில் டி.ஏ.பி.08 என்ற பெயரில் திரும்பி வந்தது. இந்த முறை மனித ரத்த செல்களை வைத்தே அளவைக் கணித்தார்கள். லண்டனில் கொடுத்ததில் ஆயிரத்தில் ஒரு பங்கில் தொடங்கினார்கள். புயல் கிளம்பவில்லை. அழற்சியைத் தணிக்கும் ஐ.எல்.-10 மட்டும் ரத்தத்தில் ஏறியது.