அவை புறாக்கள் அல்ல, அண்டங்காக்கைகள்

போர்ச்சுகலின் தலைநகரான லிஸ்பனின் நகரச் சின்னம் பற்றிய உங்கள் கட்டுரை அருமை. ஆனால் அந்தச் சின்னத்தில் உள்ள கப்பலின் இரு முனைகளிலும் உட்கார்ந்திருப்பவை புறாக்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து திருத்துங்கள், அவை அண்டங்காக்கைகள். அந்தச் சின்னத்துக்கு உயிரே அவைதான். லிஸ்பனின் காவல் புனிதரான வின்சென்ட்டின் உடலைக் காக்கைகள் காவல் காத்தன என்பது பழங்கதை. 1173-ல் அவருடைய எலும்புகளை நாட்டின் தென்மேற்கு முனையிலிருந்து லிஸ்பனுக்குக் கப்பலில் கொண்டுவந்தபோது இரண்டு காக்கைகள் கூடவே வந்தனவாம். ஊரின் பழைய தெருவிளக்குக் கம்பங்களில்கூட அதே கப்பல், அதே காக்கைகள்!

கேடயத்துக்கு மேலே இருக்கும் கோட்டைக் கிரீடத்தையும் சொல்லியிருக்கலாம். போர்ச்சுகலில் அந்தக் கிரீடத்துக்கு ஐந்து கோபுரம் என்றால் நகரம், நான்கு என்றால் சிறு நகரம். மற்ற ஊர்களுக்கு வெள்ளி, தலைநகருக்கு மட்டும் தங்கம்.

அப்புறம் லிஸ்பனின் கொடி. கறுப்பும் வெள்ளையும் மாறி மாறி எட்டுக் கூறுகள். ஜிப்ரால்டர் நீரிணைக்குத் தெற்கே, ஆப்பிரிக்கக் கரையில் இருக்கும் செயூத்தாவிலும் அதே கறுப்பு வெள்ளைதான் பறக்கிறது. 1415-ல் போர்த்துகீசியர் பிடித்த ஊர் அது. ஸ்பெயின் கைக்குப் போய் முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் கொடியை மாற்றவில்லை.