ஒற்றைக்குழல் கேட்டது ஒரு குற்றமா?

போன கிழமை நான் போட்டது இரண்டே வரி. வன்னியில பயிர்க்காவலுக்கு ஒற்றைக்குழல் சொட்கன் துவக்கு லைசன்ஸ் கிட்டடியில எடுத்தவை இருந்தால் விபரம் சொல்லுங்கோ எண்டு. கீழே கொமெண்டில நடந்த கூத்தை நீங்களே பாத்தனீங்கள். நான் ஒண்டையும் அழிக்கேல்லை.

டெக்சாஸ் மச்சான் வந்து ஏஆர்-15 ரைபிள் எண்டார். வீட்டுக்காவலுக்கு அதுதானாம். மச்சான், உங்கட ஊர்ச் சட்டம் வேறை, கடையில வாங்கலாம். அங்கேயே சன்னம் ஜிப்சம் சுவரைத் துளைச்சுப் பக்கத்து அறைக்குப் போயிடும் எண்டு ஆக்கள் மண்டையைப் பிய்க்கினம். எனக்கு 550,000 ரூபா இந்திய வீட்டுத்திட்டத்தில எழும்பினது கல்லுச் சுவர். பின்னால குசினி இன்னும் தகரம். அந்தத் தகரத்துக்கு அங்கால அம்மா படுக்கிறா.

கனடாப் பெரியப்பா "சின்னதா ஒரு பிஸ்டல் காணுமடா" எண்டார். பெரியப்பா, 2022 ஒக்டோபர் 21க்குப் பிறகு உங்களுக்கே அங்க கைத்துப்பாக்கி வாங்கேலாது. எனக்கு எடுத்துத் தாறியளோ?

நான் கேட்டது ஒற்றைக்குழல். குழல் அளவு பன்னிரண்டு போர் (12 bore). ஒண்டே ஒண்டு. ஏன் எண்டால் அதை மடிச்சுத் திறந்தால் தோட்டா இருக்கோ இல்லையோ எண்டு கண்ணால தெரியும். இருட்டில எண்டாலும் விரலை விட்டுப் பாக்கலாம். துவக்கு ஒரு இடம், தோட்டா பூட்டின பெட்டியில. பழுதாகிறதுக்கு உள்ளுக்குப் பெரிசா ஒண்டுமில்லை. "சொட்கன் எண்டால் கண்ணை மூடிச் சுட்டாலும் படும்" எண்டு ஒருத்தர் எழுதியிருந்தார். படாது தம்பி. பதினைஞ்சடி தூரத்தில சன்னமெல்லாம் ஒரு கைப்பிடி அகலத்துக்குத்தான் விரியும். உள்ளங்கை அளவை இருட்டில பிடிக்கோணும்.

"யானைக்கு என்ன செய்வீர்?" எண்டு இன்னொரு கேள்வி. யானையைச் சுட நான் கேக்கேல்லை. அது குற்றம், அதோட சொட்கனால யானை லேசில சாகாது, காயப்பட்டுக் கோபத்தோட திரும்பி வரும். நெல்லு மூட்டை மணத்துக்குக் குசினிச் சுவரை முட்டுற யானைக்கு வெடிச்சத்தம்தான் மருந்து. அதுவும் எப்பவும் வேலை செய்யிறதில்லை, ஒத்துக்கொள்ளுறன். காட்டுப்பண்டிக்குத்தான் தோட்டா. ஒரு இரவில முக்கால் ஏக்கர் கச்சானைக் கிண்டிப் போட்ட இடத்தை விடியக் காலமை பாத்தவைக்கு நான் விளக்கத் தேவையில்லை. பாக்காதவை விளங்கிக்கொள்ளப் போறதுமில்லை. அவை 2025 மார்ச் 15 காலமை எட்டு மணிக்கு அரசாங்கம் நடத்தின கணக்கெடுப்பில அஞ்சு நிமிசம் குரங்கும் மயிலும் எண்ணினதோட கடமை முடிஞ்ச ஆக்கள்.

துவக்கு இருந்தால் ஆபத்து எண்டு சொல்லுறவைக்கு: லைசன்ஸ் துவக்குக்கு நம்பர் இருக்கு, வருசா வருசம் புதுப்பிக்கோணும், பொலிசுக்கு யார்ட்ட இருக்கெண்டு தெரியும். பத்தைக்குள்ள, கம்பியில கால் பட்டால் தானா வெடிக்கிற கட்டுத்துவக்கு வைக்கிறவனுக்கு என்ன நம்பர் இருக்கு? பண்டிக்கு எண்டு முழங்கால் உயரத்தில கம்பி இழுத்து வச்சிட்டு அவன் வீட்ட படுப்பான். எங்கட ஒழுங்கையில ஒரு அண்ணை விறகுக்குப் போய்க் காலை விட்டிட்டு வந்தவர். செல்லுக்கும் மிதிவெடிக்கும் தப்பின கால் அது.

எல்லாத்தையும் விடுங்கோ. கொழும்பில இருக்கிற ஒரு படிச்ச மனுசன் எழுதினார், "வன்னிக்காரருக்குத் திரும்பவும் துவக்கோ? நீங்கள் திருந்தவே மாட்டியள்." நூற்றிப் பதினொரு லைக். அதில பதினாலு பேர் என்ர நண்பர்கள். பேர் எல்லாம் பாத்தனான்.

ஐயா, எங்கட அப்புவிட்ட ஒரு ஒற்றைக்குழல் இருந்தது. லைசன்சோட. எண்பதுகளில வந்து கேட்டினம், குடுத்தார். ஆர் கேட்டது எண்டு இப்ப ஆராயாதேங்கோ. சிட்டை எழுதித் தந்தவை, திருப்பித் தருவினமாம். அப்பு அந்தச் சிட்டையை நாலா மடிச்சுக் காணி உறுதிக்கட்டோட டிரங்குப் பெட்டியில வச்சார். அவர் செத்தாப்பிறகும் ஒவ்வொரு இடப்பெயர்விலயும் அந்தப் பெட்டி எங்களோட வந்தது. 2009இல கடைசிச் சண்டை நேரம் முல்லைத்தீவு மாத்தளனில விட்டிட்டு வந்தம். நாங்கள் துவக்கு ஆசை பிடிச்ச சனமில்லை. எங்கட துவக்கைக் குடுத்த சனம்.

குடிகாரர் இருக்கிற வீடு, சின்னப் பிள்ளையள் இருக்கிற வீடுகளில துவக்கு இருந்தால் என்னாகும் எண்டு ஒரு தங்கச்சி எழுதியிருந்தா. அதுக்கு என்னட்டப் பதில் இல்லை. அந்த வீடுகளுக்குக் குடுக்கவே கூடாது.

லைசன்ஸ் விண்ணப்பத்தில ஜீ.எஸ்சின்ர (கிராம சேவகர்) கையெழுத்து மட்டும்தான் மிச்சம். நேற்றுத் தேடினால் மேசையில இல்லை. அம்மாவிட்டக் கேட்டன். சாமிப்படத்துக்குப் பின்னால செருகி வச்சிருக்கிறா. எடுத்துத் தாங்கோ எண்டன். "முதல்ல சாப்பிடு" எண்டிட்டுக் குசினிக்குள்ள போட்டா.