பெட்டியில் அச்சடித்த லிட்டர் கணக்கு

எங்கள் சிங்கப்பூர் வீவக அடுக்குமாடி வீட்டுக் கூடத்தில் உயிருள்ள பவளம் வளர்க்கும் 60 லிட்டர் கடல்நீர்த் தொட்டி இருக்கிறது. புதிதாக இறங்குகிறவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "அண்ணே, மணிக்கு எத்தனை லிட்டர் பம்ப் வாங்கணும்?" தப்பான கேள்வி என்றே சொல்வேன்.

நானும் அப்படித் தொடங்கியவன்தான். பம்ப் ஒரு மணி நேரத்தில் தள்ளும் நீர், மென்பவளத்துக்குத் தொட்டியின் கொள்ளளவைப் போல 10 முதல் 20 மடங்கு, அக்ரோபோரா என்ற கடினப் பவளத்துக்கு 30க்கு மேல் என்று ஒரு கணக்கு சொல்வார்கள். கடைக்காரர் பேச்சைக் கேட்டு மணிக்கு 2,000 லிட்டர் தள்ளும் வேவ்மேக்கரை, அதாவது தொட்டிக்குள் நீரோட்டம் உண்டாக்கும் பம்பை வாங்கி, மூன்று தலை கொண்ட ஹாமர் பவளத்துக்கு நேரெதிரே ஒட்டினேன். ஹாமரின் சதைக்கு அடியில் இருப்பது கத்தி விளிம்பு போன்ற சுண்ணாம்புக் கூடு. ஒரே பக்கத்திலிருந்து ஓயாமல் நீர் அடித்ததில் சதை அந்த விளிம்பில் உரசிக் கிழிந்து, மூன்று வாரத்தில் இரண்டு தலைகள் போய்விட்டன. அதே நாட்களில் பாறைக்குப் பின்னால் கழிவு தங்கி, சயனோ என்னும் பாக்டீரியா செந்நிறப் போர்வையாகப் படர்ந்தது. ஒரே தொட்டியில் ஒரு மூலையில் புயல், இன்னொரு மூலையில் குட்டை.

பவளம் இடம் பெயராது. இரை, ஆக்சிஜன் எல்லாம் நீர்தான் கொண்டுவர வேண்டும். கழிவையும் சளியையும் அதுவே கழுவ வேண்டும். பவளத்தின் மேல் அசையாமல் ஒட்டியிருக்கும் மெல்லிய நீர்ப்படலம் கலைந்தால்தான் இதெல்லாம் நடக்கும். ஒகினாவாவில் செய்து 2001இல் வெளியான ஆய்வில், சூடேறிய நீரிலும் வேகமான ஓட்டத்தில் இருந்த அக்ரோபோரா தாக்குப்பிடித்தது. ஓட்டம் குறைந்த இடத்தில் இருந்தவை வெளுத்து மடிந்தன. சிங்கப்பூர் வெயிலில் தொட்டி வைத்திருக்கும் நமக்கு இது முக்கியம். சூடான நீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும், அதுவும் இரவில் இன்னும் இறங்கும்.

இப்போது எதிரெதிர் பக்கங்களில் இரண்டு சின்ன பம்புகள், மாறி மாறி ஓடுகின்றன. எதுவும் பவளத்தைப் பார்த்து இல்லை. ஒன்று முன்கண்ணாடியில் மோதிச் சிதறுகிறது, மற்றது நீர்மட்டத்தை எப்போதும் சிலிர்க்க வைக்கிறது. மாதம் ஒருமுறை வினிகரில் ஊறவைத்துக் கழுவுகிறேன். சுண்ணாம்பு படிந்தால் பம்பின் வேகம் நமக்குத் தெரியாமலே குறைந்துவிடும்.

சரிபார்க்க ஒரு சிட்டிகை தீனி போதும். அது எங்கே சுழல்கிறது, எங்கே போய் உட்கார்ந்துவிடுகிறது என்று பாருங்கள். டார்ச் பவளத்தின் விரல்கள் எல்லாப் பக்கமும் ஆடி, நடுவில் கொஞ்சம் ஓய வேண்டும். ஒரே பக்கம் படுத்துக் கிடந்தால் பம்பைத் திருப்புங்கள். மணல் பறந்தாலும் அப்படியே.

மிஞ்சிய அந்த ஒரு ஹாமர் தலை இப்போது இரண்டாகப் பிரிந்துகொண்டிருக்கிறது. தொட்டியைப் பற்றி என்னிடம் கேட்பவர்கள் இனி புகைப்படம் அனுப்ப வேண்டாம், அதில் ஓட்டம் தெரியாது. அரை நிமிட வீடியோ எடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.