பினாயில் ஏன் ஊற்றினீர்கள்?

நாலு நாளாக எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். சூப்பர் மார்க்கெட் வெளியே தூக்கிப் போட்ட உணவை நான் பொறுக்கி எடுக்கிற அந்த வீடியோவை என் நட்பு வட்டத்தில் அநேகமாக எல்லாரும் பார்த்துவிட்டீர்கள். பார்க்காதவர்களுக்குத் தேடிக் கொடுக்க எனக்கு மனசில்லை. கமெண்ட் முழுக்க என் சம்பளம், என் வயசு, நான் கட்டியிருந்த புடவை. வீடியோவின் கடைசிப் பகுதியில் என்ன நடக்கிறது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அதனால் நான் கேட்கிறேன். அந்த பிரெட் மேல் பினாயில் ஏன் ஊற்றினார்கள்?

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, கடை சாத்துகிற நேரம். எங்கள் பக்கத்து சூப்பர் மார்க்கெட்டின் பின் சந்து. (கடைப் பெயரை நான் சொல்லவில்லை, நீங்களும் கமெண்டில் போடாதீர்கள்.) மாநகராட்சித் தொட்டிக்குப் பக்கத்தில் நாலு அட்டைப்பெட்டி. மறுநாள் தேதி முடிகிற பிரெட் 18 பாக்கெட், எண்ணினேன். தோல் கறுத்த வாழைப்பழம், வாடிப்போன கேரட், அட்டை நசுங்கிய பிஸ்கட். நானும், வழக்கமாக அங்கே வருகிற ஆத்தாவும் உட்கார்ந்து பிரித்துக்கொண்டிருந்தோம். கடைப் பையன் வாளியோடு வந்தான். கட்டரால் பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாகக் கீறினான். அப்புறம் எங்கள் கைக்கு நடுவிலேயே ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டான். ஆத்தா தன் கையில் இருந்த பாக்கெட்டை முந்தானையால் துடைத்தார், முகர்ந்து பார்த்தார், கீழே வைத்தார். "போகுது தாயி, நீ எந்திரி" என்று என்னைத்தான் தேற்றினார்.

அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவன் சொன்னதைச் செய்கிறவன். சொன்னது யார்? பினாயிலுக்குக் காசு செலவு. 18 பாக்கெட்டையும் கீறுவதற்கு ஒரு ஆள், பத்து நிமிஷம். சும்மா விட்டுவிட்டுப் போயிருந்தால் ஒரு பைசா செலவில்லை. வேண்டாம் என்று வெளியே வைத்துவிட்ட பொருளை இன்னொருத்தர் தின்றுவிடக் கூடாது என்பதற்காகக் காசும் நேரமும் செலவழித்திருக்கிறார்கள். என்னால் தாங்க முடியாதது இது ஒன்றுதான்.

"யாராவது சாப்பிட்டு வயிற்றுக்கு ஆகாமல் போனால் கடைக்காரர் மேல்தானே கேஸ் வரும்" என்று பலர் எழுதியிருக்கிறீர்கள். சரி, நியாயமான பயம். அந்தப் பயம் இருக்கிறவர் தேதி முடிவதற்கு முந்தின நாளே அதைக் கொடுத்துவிடலாமே? மிச்ச உணவை எப்படிச் சேகரிக்க வேண்டும், எப்படிப் பகிர வேண்டும் என்று நம் நாட்டின் உணவுப் பாதுகாப்பு ஆணையமே 2019-ல் விதிமுறை போட்டிருக்கிறது. வழி இல்லாமல் இல்லை. அதுவும் போக, பினாயில் ஊற்றினால் உணவு பாதுகாப்பாகிவிடுமா? பசியில் இருக்கிற ஒருத்தர் இருட்டில் மேலாக இருப்பதைத் தள்ளிவிட்டு அடியில் இருப்பதை எடுத்துத் தின்றால்? அப்போது விஷம் வைத்தது யார்?

நாங்கள் எதை வேண்டுமானாலும் எடுத்து வாயில் போடுகிறவர்கள் இல்லை. கறி, மீன், முட்டை, பால் தொட மாட்டேன். சமைத்த சோற்றை எடுக்கவே மாட்டேன். வெளியே பல மணி நேரம் கிடந்த சோற்றில் ஒரு வகை பாக்டீரியா உண்டாக்கும் நச்சு, திரும்பச் சூடு பண்ணினாலும் போகாது. இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டுதான் எடுக்கிறேன். பாக்கெட்டில் இரண்டு வகைத் தேதி உண்டு. ஒன்று, அந்த நாள் வரை சுவையும் தரமும் குறையாது என்பது. இன்னொன்று, அதற்கு மேல் சாப்பிடவே கூடாது என்பது. இரண்டையும் ஒன்றாக நினைத்து வீட்டில் எவ்வளவு தூக்கிப் போடுகிறோம் என்று என்னைத் திட்டியவர்கள் ஒருநாள் தங்கள் வீட்டுத் தொட்டியைப் பார்க்கட்டும்.

ஒருவர் ஜெர்மனியை இழுத்திருந்தார். அங்கேயே இது திருட்டு என்று தீர்ப்பாகியிருக்கிறதாம். உண்மைதான், மறைக்கவில்லை. 2018-ல் மியூனிக் பக்கத்தில் ஓல்ஷிங் என்ற ஊரில் சூப்பர் மார்க்கெட் தொட்டியிலிருந்து உணவு எடுத்த இரண்டு மாணவிகளை 2019-ல் திருட்டு வழக்கில் குற்றவாளி என்றார்கள். 2020-ல் அரசியல் சாசன நீதிமன்றமும் அவர்கள் முறையீட்டை ஏற்கவில்லை. ஆனால் அவர்களுக்குச் சொன்ன வேலை என்ன தெரியுமா? மிஞ்சிய உணவைச் சேகரித்து இல்லாதவர்களுக்குக் கொடுக்கும் இடத்தில் 8 மணி நேரம் சேவை செய்யச் சொன்னார்கள். பிரான்சில் 2016-ல் சட்டமே வந்தது. 400 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைகள், தின்னக்கூடிய உணவை வேண்டுமென்றே கெடுத்துப் போடக் கூடாது, தொண்டு அமைப்புகளோடு ஒப்பந்தம் போட்டுக் கொடுக்க வேண்டும். அங்கேயும் தொட்டியில் பிளீச்சிங் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அதைத் தப்பு என்று ஒரு நாடு சட்டத்திலேயே எழுதிவிட்டது. நான் கேட்பது அதே கேள்விதான்.

"வெள்ளைக்காரன் ஃபேஷன்" என்றவர்களுக்கு ஒரு விஷயம். தூக்கிப் போட்டதை எடுத்துப் பயன்படுத்தி வாழ்கிறவர்களைச் சொல்லும் ஃப்ரீகன் என்ற சொல் அமெரிக்காவில் 1990-களில் வந்தது, ஃப்ரீயையும் வீகனையும் ஒட்டியது. எனக்கு அந்தச் சொல் தெரிந்தே ஐந்து வருஷம்தான் ஆகிறது. என் அப்பத்தாவுக்குத் தெரியவே தெரியாது. உசிலம்பட்டிப் பக்கம் கடலை பிடுங்கி முடித்த காட்டில், மண்ணுக்குள் தப்பிக் கிடப்பதைக் கிளறி எடுக்கப் போவார். தப்புக்கடலை. காட்டுக்காரர் பார்த்துக்கொண்டே போவார், ஒன்றும் சொல்ல மாட்டார். தப்பினது பொறுக்குகிறவருக்கு என்பது அங்கே எழுதாத வழக்கம். பொழுதுக்கும் குனிந்து கிளறினால் ஒரு படி, ஒன்றரைப் படி தேறும். அதை அவித்து எங்களுக்குக் கொடுப்பார். அறுத்த வயலில் சிந்திய கதிர் பொறுக்குவதும் அப்படித்தான். எந்தக் காட்டுக்காரரும் மிச்சக் கடலை மேல் மருந்து அடித்துவிட்டுப் போனதாக அப்பத்தா சொன்னதில்லை.

அப்பாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இதுவரை இங்கே எழுதியதில்லை. மதுரையில் மார்க்கெட் மாட்டுத்தாவணிக்குப் போவதற்கு முன்னால், கோயிலுக்குப் பக்கத்தில் இருந்த சென்ட்ரல் மார்க்கெட்டில் அவர் மூட்டை தூக்கினார். விடிகாலை லாரி இறக்கி முடித்ததும், கமிஷன் கடைக்காரர் ஒதுக்கிவிடுகிற கழிவுத் தக்காளியில் ஒரு பை கட்டிக்கொண்டு வருவார். அம்மா ஒவ்வொன்றாக எடுத்து அழுகின பக்கத்தை வெட்டிவிட்டு, நல்ல பக்கத்தைத் தனியாகப் போடுவார். தொக்கு கிண்டினால் ஒரு வாரத்துக்கு வரும். நாங்கள் மூன்று பேரும் அதைத் தொட்டுக்கொண்டுதான் படித்தோம். ஆறாவது படிக்கும்போது கூட இருந்த பிள்ளை ஒன்று என் டப்பாவைப் பார்த்து, "இவங்கப்பா பொறுக்கிட்டு வந்த தக்காளி" என்றது. நான் ஒரு மாதம் மத்தியானம் சாப்பாடு கொண்டு போகவில்லை. காரணத்தை வீட்டில் சொல்லவும் இல்லை. அப்பா போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம் ஆகிறது. அதைச் சொல்லாமலே விட்டது நல்லதுதான் என்று இதுவரை நினைத்திருந்தேன்.

திங்கட்கிழமை ஒருவர் எனக்கு எழுதியிருந்தது ஒரே சொல்: "பொறுக்கி". நான் அழுதேன், ஒத்துக்கொள்கிறேன். பொறுக்குவது ஒரு வேலை. சுள்ளி பொறுக்கினோம், புளியம்பழம் பொறுக்கினோம், அரிசியில் கல் பொறுக்கினோம். அந்த வேலையைச் செய்கிறவரின் பெயரை எடுத்து எப்போது வசவாக்கினோம்? நீங்கள் ஒரே பையில் கட்டிப் போடுகிற குப்பையிலிருந்து பாட்டிலையும் அட்டையையும் ஒரு கூட்டம் பிரித்து எடுக்கவில்லை என்றால், அதெல்லாம் அவனியாபுரம் வெள்ளக்கல் குப்பைக் கிடங்குக்குத்தான் போகும். அந்தப் பக்கம் குடியிருக்கிறவர்களிடம் கேளுங்கள், காற்று திசை மாறினால் என்ன வாடை வரும் என்று.

அடுத்தது, "சம்பளம் வாங்குகிறவள் ஏழைகள் எடுக்க வேண்டியதை ஏன் எடுக்கிறாள்?" இந்தக் கேள்வி எனக்கும் உறுத்துகிறது. அதனால்தான் ஆத்தா எடுத்து முடித்த பிறகுதான் நான் எடுப்பேன். ஆனால் இதைக் கேட்பவர்களில் எத்தனை பேர் அந்தச் சந்துக்கு இதுவரை வந்திருக்கிறீர்கள்? நாலு பெட்டியில் நாங்கள் இரண்டு பேரும் எடுத்தது போக இரண்டரைப் பெட்டி தினமும் லாரியில்தான் போகிறது. நான் எடுப்பது காசு மிச்சம் பிடிக்க இல்லை. அது குப்பைக்குப் போவதைப் பார்த்துக்கொண்டு என்னால் நடந்து போக முடியவில்லை, அவ்வளவுதான். 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது இதே சந்தில் நசுங்கின தக்காளி கிடந்தது. அதைப் பார்க்கும்போது அப்பா முதுகுதான் ஞாபகம் வந்தது.

என் வீட்டில் ஓடுகிற டேபிள் ஃபேன் பழைய இரும்புக் கடைக்குப் போக இருந்தது. காயில் கட்டி ஆறு வருஷமாக ஓடுகிறது. அலமாரி, பக்கத்துத் தெருவில் வீடு காலி செய்தவர்கள் வாசலில் விட்டுப் போனது. மிக்ஸி திலகர் திடல் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் எடுத்தது. இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

கடைகளை மட்டும் திட்டுகிறேன் என்றும் ஒரு குறை. அதில் உண்மை இருக்கிறது. ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு 2024-ல் வெளியிட்ட அறிக்கைப்படி, 2022-ல் உலகம் வீணாக்கிய உணவு 105 கோடி டன். அதில் 60 சதவீதம் வீடுகளில். இந்தியாவில் ஆளுக்கு வருஷத்துக்குச் சுமார் 55 கிலோ வீட்டிலேயே போகிறது. சரி, நம் மேலும் தப்பு இருக்கிறது. ஆனால் எந்த வீட்டிலும் மிச்ச இட்லி மேல் பினாயில் ஊற்றி வெளியே வைப்பதில்லை. மாட்டுக்காவது வைக்கிறோம்.

செவ்வாய்க்கிழமை அத்தான் போன் பண்ணினார். "புள்ளைக்கு வரன் பாக்குற நேரத்துல ஒனக்கு இது தேவையா? மூஞ்சிய எங்க கொண்டு போயி வைக்க?" அதே அத்தான் வீட்டுக் கல்யாணம் போன ஆவணியில் நடந்தது. ஐந்நூறு பேருக்குச் சொல்லி முந்நூறு பேர்தான் வந்தார்கள். கடைசிப் பந்தி முடிவதற்கு முன்பே நான்தான் ஆட்டோ பிடித்து, சூடு ஆறுவதற்குள் சாப்பாட்டை ஒரு முதியோர் இல்லத்தில் கொண்டு போய் இறக்கினேன். அதை போட்டோ எடுத்து இரண்டு நாள் ஸ்டேட்டஸில் வைத்திருந்தார். அன்றைக்கு அவருக்குப் பெருமையாக இருந்தது. இரண்டுமே மிஞ்சிய சாப்பாடுதான். அன்றைக்குக் கொடுத்தவர் என்று அவர் பெயர் இருந்தது. சந்தில் கொடுத்தவர் என்று யாரும் இல்லை. அத்தான் இதைப் படித்தால் வருத்தப்படுவார், தெரியும். நானும் இரண்டு நாளாகச் சரியாகத் தூங்கவில்லை, அதையும் அவர் தெரிந்துகொள்ளட்டும்.

வீடியோ எடுத்தவருக்கு: என் முகத்தை வைத்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை. ஆத்தாவின் முகம் அதில் தெளிவாகத் தெரிகிறது. அவருக்குப் போனும் இல்லை, முகநூலும் இல்லை, தன்னைப் பற்றி யார் என்ன எழுதினார்கள் என்று பதில் சொல்லவும் முடியாது. தயவுசெய்து அதை எடுத்துவிடுங்கள். இது வரைக்கும் இரண்டு முறை உள்பெட்டியில் கேட்டுவிட்டேன்.

கடைக்காரருக்கு: பினாயில் ஏன் ஊற்றினீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள். எனக்குச் சொல்ல வேண்டாம், ஆத்தாவிடம் சொல்லுங்கள்.

திங்கள், செவ்வாய், புதன் மூன்று ராத்திரியும் போய்ப் பார்த்தேன். அவர் வரவில்லை. பெட்டி வழக்கம்போல வெளியே இருந்தது, பினாயில் வாடையோடு. எங்கே இருக்கிறார் என்று நான் இதுவரை கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. தெப்பக்குளம் பக்கத்திலிருந்து நடந்து வருவதாக ஒருமுறை சொன்னார். இன்றைக்கு ஆபீஸ் விட்டதும் அந்தப் பக்கம் போய்ப் பார்க்கப் போகிறேன்.